கடைசிக் காட்சியை வெட்டியது யார்?

(காட்பாடி ஒன்றியத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிஜிட்டல் தொழில்நுட்பம் ஊடகத்தையும் பொழுதுபோக்கையும் எப்படி மாற்றியிருக்கிறது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் சமூக அறிவியல் ஆசிரியர். கணினியைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். ஆகவே கணினியிலிருந்து தொடங்காமல், நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறேன். அது படப்பெட்டி.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் படப்பெட்டி நினைவிருக்கும். தகரப் பெட்டி. வெளியே படத்தின் பெயரைச் சாயத்தில் எழுதியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகை வாசலில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பெட்டி வந்துடுச்சா?" என்பதுதான். ரயிலிலோ பேருந்திலோ பெட்டி வரும். வந்தால் மாலையோடு வரவேற்பு, வராவிட்டால் ரகளை. ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே ஓடி முடித்த சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் அடுத்த கொட்டகைக்குப் பறப்பான். வழியில் சைக்கிள் பஞ்சரானால் அங்கே இடைவேளை நீளும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை ஏழாம் வகுப்பில் ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓட வேண்டும். அப்படியானால் நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. மீட்டரில் சொன்னால் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 2,16,000 படங்கள். பிள்ளைகள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். "அவ்ளோ நீளத்தை எப்படி டீச்சர் தூக்கினாங்க?" என்று கேட்டாள் ஒரு பெண். ஆயிரம் அடி கொண்ட சுருள்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் பதினொரு நிமிடம். அப்படிப் பதினான்கு சுருள்கள் என்று விளக்கினேன். பெருக்கல், வகுத்தல், அலகு மாற்றம் மூன்றும் ஒரே கணக்கில் முடிந்தன. நீங்களும் முயன்று பாருங்கள்.

ஆபரேட்டரின் கத்தரி

படப்பெட்டியோடு இன்னொருவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஆபரேட்டர். புரொஜெக்டர் அறையில் கார்பன் குச்சிகளின் சூட்டில் வியர்த்தபடி நிற்பார். ஒரு சுருள் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்து அடுத்த எந்திரத்தை ஓடவிட வேண்டும். படம் அறுந்தால் ஒட்டவேண்டும். அவர் கையில் ஒரு கத்தரியும் இருக்கும். படம் நீளமாக இருக்கிறது, கடைசிப் பேருந்து போய்விடும் என்றால் பாட்டு ஒன்று காணாமல் போகும். பக்கத்து ஊரில் பார்த்தவன் வந்து, "அந்தப் பாட்டு எங்கடா?" என்று கேட்ட பிறகுதான் வெட்டியது நமக்கே தெரியும்.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. "நாம் பார்ப்பதை நமக்கு முன்னால் ஒருவர் வெட்டியிருக்கிறார்" என்பது திரைப்படத்தில் நெடுங்காலமாகவே உள்ள உண்மை. படத்தொகுப்பு என்று நாம் சொல்லும் கலையே வெட்டி ஒட்டுவதுதான். இன்றைய உரையில் நான் பிடித்துக்கொள்ள விரும்பும் நூல் இதுதான். தொழில்நுட்பம் மாறியபோது கத்தரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது?

பெட்டி மறைந்த கதை

டிஜிட்டல் கேமரா ஒன்றும் நேற்று வந்ததல்ல. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். உலகுக்கே படச்சுருள் விற்றுக்கொண்டிருந்த அதே கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. தன் வீட்டில் பிறந்த குழந்தையை வளர்க்கத் தயங்கிய நிறுவனத்தின் கதை அது.

தமிழ்த் திரையுலகம் அவ்வளவு தயங்கவில்லை. 1990களிலேயே கணினியில் படத்தொகுப்பு இங்கே தொடங்கிவிட்டது. 2005 வாக்கில் சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனத்தின் 'க்யூப்' முறை திரையரங்குகளுக்கு வந்தது. சுருள்கள் போய், வன்தட்டு வந்தது. பிறகு செயற்கைக்கோள் வழியாகவும் படம் வந்தது. படம் பூட்டப்பட்டு வரும். எந்தத் திரையரங்கில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை திரையிடலாம் என்பதற்கு ஒரு மின்னணுச் சாவி தனியே வரும். சாவி வராவிட்டால் படம் அரங்கிலேயே இருந்தும் ஓடாது. முன்பு "பெட்டி வரல" என்றார்கள்; இப்போது "கீ வரல" என்கிறார்கள்.

இதனால் என்ன மாறியது? முதலில், காலம் மாறியது. ஒரு பிரதி எடுக்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், அன்று பிரதிகள் குறைவு. பெரிய நகரத்தில் ஓடி, நடுத்தர ஊருக்கு வந்து, கிராமத்துக் கொட்டகைக்கு வரும்போது படம் மாதக்கணக்கில் பழசாகி, திரையில் மழை பெய்யும். இன்று சென்னையிலும் குடியாத்தத்திலும் சிங்கப்பூரிலும் ஒரே நாளில் படம் வெளியாகிறது. நல்லதுதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கும் படம் எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில் முடிந்தும் போகிறது. நூறாவது நாள், வெள்ளி விழா என்ற சொற்களை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, பணம் போகும் வழி மாறியது. டிஜிட்டல் கருவிகளைத் திரையரங்குகளில் நிறுவிய நிறுவனங்கள் தயாரிப்பாளர்களிடம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டணம் வாங்கின. அதற்குப் பெயர் வி.பி.எஃப்.; பிரதி எடுக்கும் செலவுக்குப் பதிலாக வந்த கட்டணம். "கருவிக்குப் போட்ட முதல் என்றோ திரும்பிவிட்டதே, இன்னும் ஏன் கட்ட வேண்டும்?" என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரங்கள் புதிய தமிழ்ப்படம் எதுவும் வெளியாகவில்லை. பெட்டியைத் தூக்கிய பையன் போய்விட்டான். ஆனால் தூக்குகூலி போகவில்லை, வேறொருவர் வாங்கிக்கொண்டிருந்தார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பிறகு, அரங்கமே விருப்பப் பொருளாகிவிட்டது. 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியாக வீடுகளுக்கே நேரடியாகக் கொண்டுவர முயன்றபோது திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த முயற்சி நடக்கவில்லை. ஏழே ஆண்டுகள் கழித்து, கொரோனா காலத்தில், 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக ஓ.டி.டி.யில் வந்தது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் கதவு திறந்துவிட்டது. நவம்பரில் 'சூரரைப் போற்று' அதே வழியில் வந்தது.

இந்த மாற்றத்தில் ஆபரேட்டர்கள், பெட்டி சுமந்தவர்கள், படச்சுருள் கழுவும் கூடங்களில் வேலை செய்தவர்கள் எனப் பலர் பிழைப்பை இழந்தார்கள். கொட்டகைகள் கல்யாண மண்டபங்களாயின. வண்ணம் சீராக்குபவர், வரைகலைக் கலைஞர், துணைத்தலைப்பு எழுதுபவர் என்று புதிய வேலைகளும் வந்தன. ஆனால் பழைய வேலையை இழந்தவருக்கே புதிய வேலை கிடைப்பதில்லை. தோல் தொழிலில் இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆகவே பிள்ளைகளிடம், "தொழில்நுட்பம் வேலை தரும்" என்று மட்டும் சொல்லாமல், "யாருக்குத் தரும், யாரிடமிருந்து எடுக்கும்?" என்றும் கேட்கப் பழக்க வேண்டும்.

அழிந்ததும் அழியாததும்

நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் உண்டு. ஆர். நடராஜ முதலியார். தமிழ்நாட்டின் முதல் மௌனப்படமான 'கீசகவத'த்தை 1910களின் பிற்பகுதியில் எடுத்தவர். பிறந்தது நம் வேலூர். சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்தவர், பூனாவில் ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கற்றுக்கொண்டு, கீழ்ப்பாக்கத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை. பேசாத படக்காலத்தின் பெரும்பகுதி அப்படித்தான் மண்ணோடு போனது.

டிஜிட்டல் நமக்குச் செய்த நன்மை இங்கே தெரிகிறது. 1964இல் வந்த 'கர்ணன்' படத்தைக் கணினியில் செப்பனிட்டு 2012இல் மீண்டும் வெளியிட்டபோது, தாத்தா பார்த்த படத்தைப் பேரன் தெளிவாகப் பார்த்தான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. கிராமத்துப் பள்ளியில் இருக்கும் ஆசிரியருக்கும் அது ஒரு நூலகம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நடராஜ முதலியாரின் படத்தைக் காப்பாற்ற நினைத்தாலும் முடியவில்லை. நம் வகுப்பு மாணவி அவசரத்தில் போட்டுவிட்ட ஒரு காணொளியை அழிக்க நினைத்தாலும் முடிவதில்லை. அவள் நீக்கிவிடுவாள். அதற்குள் பத்துப் பேர் சேமித்திருப்பார்கள்.

கதவு திறந்தது, காவலரும் போனார்

அந்தக் காலத்துப் பெட்டி பல கதவுகளைத் தாண்டித்தான் நம் ஊருக்கு வந்தது. தயாரிப்பாளர், தணிக்கைக் குழு, விநியோகஸ்தர், கொட்டகைக்காரர். செய்திக்கும் அப்படித்தான். நிருபர் எழுதுவார், துணை ஆசிரியர் திருத்துவார், ஆசிரியர் பொறுப்பேற்பார். தவறு வந்தால் மறுநாள் வருத்தம் தெரிவிக்க ஒரு பெயர், ஒரு முகவரி இருந்தது.

அந்தக் கதவுகள் எல்லாம் நியாயமாகத் திறந்தன என்று சொல்லமாட்டேன். நம் பிள்ளைகளைப் போன்றவர்களுக்கு அவை பெரும்பாலும் மூடியே இருந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பதைப் படம்பிடித்து 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். 2021இல் அவர்களுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் சந்தாதாரர்கள். எந்தத் தொலைக்காட்சி நிலையம் அவர்களை உள்ளே விட்டிருக்கும்? ஆகவே வகுப்பில் ஒரு பையன், "நான் யூடியூபர் ஆவேன்" என்று சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "எதைப் பற்றிச் செய்வாய்? யாருக்காக?" என்று கேளுங்கள்.

கதவுகள் திறந்தது நல்லது. ஆனால் கதவோடு காவலரும் போய்விட்டார். அந்தக் காவலரின் வேலையை இன்று யார் செய்கிறார்கள்? இதற்கு விடையாக, என்னைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2018 ஏப்ரல்

புதுப்படங்கள் வராத அந்தக் கோடையில் நம் கைப்பேசிகளில் ஒரு வதந்தி ஓடியது. வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற குரல் பதிவு. அழுத்தமான குரல், பதற்றமான பேச்சு. எனக்கும் வந்தது. விடுமுறைக் காலம், பிள்ளைகள் தெருவில் விளையாடுவார்கள், பெற்றோரில் பலர் ஷூ கம்பெனி வேலைக்குக் காலையில் வண்டி ஏறினால் இரவுதான் திரும்புவார்கள். அதை நினைத்து, "எதற்கும் கவனமாக இருங்கள்" என்று ஒரு வரி சேர்த்துப் பெற்றோர் குழுவில் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். அரை நிமிட வேலை.

ஏப்ரல் இறுதியில், நம் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து வடமாநிலத்தவர் ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போக வழி கேட்டு நின்ற ஒரு குடும்பத்தை ஊரே சூழ்ந்தது. அந்தக் குடும்பத்தின் மூதாட்டி தெருவில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதுதான் அவர் செய்த குற்றம். அவர் உயிர் பிழைக்கவில்லை.

இந்த இரண்டு ஊர்களிலும் நடந்தவற்றுக்கு என் செய்திதான் காரணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் அதே வாரங்களில் எங்கள் தெருவுக்குப் போர்வை விற்க வந்த ஓர் இளைஞரைப் பத்துப் பதினைந்து பேர் மறித்து நிறுத்தினார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கும்பிட்ட கைகளை இறக்கவே இல்லை. பெரியவர் ஒருவர் குறுக்கே புகுந்து, காவல் நிலையத்துக்குப் போன் செய்து, அவரைப் பத்திரமாக அனுப்பிவைத்தார். கூட்டத்தில் நின்ற ஒரு தாய் என்னைப் பார்த்ததும், "நீங்க அனுப்பினதுதானே டீச்சர்! நீங்களே அனுப்பினா பொய்யா இருக்குமா? அதான் நாங்களும் எல்லாருக்கும் அனுப்பினோம்" என்றார்.

அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, பாராட்டினார். அதுதான் கனமாக இருந்தது. கதவுக்காவலர் போய்விட்டார் என்று சொன்னேன் அல்லவா? இல்லை. ஊரில் "டீச்சர் சொன்னா சரியா இருக்கும்" என்று நம்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் நாம்தான் காவலர். நம் பெயரில் போகும் செய்தி நாம் ஒப்பமிட்ட செய்தி.

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொழில்நுட்பம் போட்ட தடை அவ்வளவுதான். மீதியை மனிதர்கள்தான் போட வேண்டும்.

அதே காலத்தில் இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய ஒரு காணொளியைப் பற்றிப் பிறகு படித்தேன். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தால் நெஞ்சு பதறும். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவர் திரும்பிவந்து குழந்தையை இறக்கிவிடுவார்கள். குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாயிருங்கள் என்று அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள். பாதுகாப்புப் படம் கொலைக்கான தூண்டுதலாகிவிட்டது. கொட்டகை ஆபரேட்டரின் கத்தரி பாட்டை மட்டும்தான் வெட்டியது.

2023 மார்ச்சில் இதே கதை எதிர்த்திசையில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, வேறெங்கோ நடந்த சம்பவங்களின் காணொளிகள் அங்கே பரவின. நம் காவல்துறை மறுத்தது; பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். காட்பாடி சந்திப்பில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கேயும் இருக்கலாம். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெட்டாமலேயே மாற்றலாம்

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் இந்தத் தொழில்நுட்பத்தால் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' படத்தை மீண்டும் வெளியிட்டபோது, நாயகன் இறக்கும் முடிவை மாற்றி, அவன் பிழைப்பதுபோல் செயற்கை நுண்ணறிவால் புதிய முடிவை ஒட்டினார்கள். இயக்குநரும் நடிகரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்து மாணவர்களிடம் கேளுங்கள். தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் உரியவர்களைக் கேட்டார்கள், மற்றொன்றில் படைத்தவர்களைக் கேட்கவில்லை. ஒரு மாணவியின் முகத்தை எடுத்து வேறொரு படத்தில் ஒட்டும் கயமையும் இதே வரிசையில்தான் வருகிறது. "கேட்டாயா?" என்ற ஒரு சொல்லில் அந்த அறம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

வகுப்பறைக்கு என்ன எடுத்துப் போகலாம்?

என் வகுப்பில் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன். இவற்றுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வேண்டாம், கரும்பலகையே போதும்.

ஒன்று, ஆறு பட விளையாட்டு. ஒரு சிறுவன் ஓடுகிறான், நாய் ஓடுகிறது, சிறுவன் கையில் கல், நாய் வாலாட்டுகிறது, சிறுவன் நாயைத் தடவுகிறான், கல்லைத் தூக்கி எறிகிறான் என்று ஆறு படங்களை வரையுங்கள். வரிசையை மாற்றினால் கதை மாறும். கடைசிப் படத்தை மறைத்தால் நல்ல பையன் கெட்டவனாவான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது புரிகிறது.

இரண்டு, தோல் பாடம். என் மாணவன் ஒருவனின் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறார். அவரை வகுப்புக்கு அழைத்தேன். தோலில் தழும்பு இருக்கும், பூச்சி கடித்த அடையாளம் இருக்கும்; அதெல்லாம் ஷூவின் மேல்பக்கம் வராதபடி பார்த்து வெட்டவேண்டும் என்று விளக்கினார். "ஷூ போடறவங்களுக்கு அந்தத் தழும்பு இருந்ததே தெரியாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். "தெரியக் கூடாதும்மா, அதுதான் எங்க வேலை" என்றார். பிறகு நான் ஒரு காணொளியைக் காட்டி, "இதில் எந்தத் தழும்பை வெட்டியிருப்பார்கள்?" என்று கேட்டேன். அந்த வகுப்பில் நான் அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று, நான்கு கேள்விகள். எடுத்தது யார்? எங்கே, எப்போது? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? இதை நான் அனுப்பினால் யாருக்கு என்ன நடக்கும்? இந்த நான்கையும் அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டியிருக்கிறோம். பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு தகப்பனார் சலித்துக்கொண்டார்: "ஒரு குட் மார்னிங் அனுப்ப முடியல டீச்சர், எடுத்தது யாருன்னு கேக்கறான்."

நான்கு, படம் பார்த்த பின் பேச்சு. 2022 முதல் நம் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. படம் முடிந்ததும் மணி அடித்து அனுப்பிவிடாமல், பத்து நிமிடம் ஒதுக்கி, "நீ இயக்குநராக இருந்தால் எந்தக் காட்சியை வெட்டுவாய்? ஏன்?" என்று கேளுங்கள். கத்தரியை ஒரு முறை கையில் பிடித்தவர்களுக்கு அடுத்தவர் கத்தரி கண்ணில் படும்.

ஒன்றை மறக்க வேண்டாம். படமோ காணொளியோ தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக ஒரு பிள்ளை நம்மிடம் வந்து சொன்னால், "நீ ஏன் போட்டாய்?" என்பது நம் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. "நல்ல வேளை, என்னிடம் சொன்னாய்" என்று தொடங்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, நம் துறையின் உதவி எண் 14417, சைபர் குற்றங்களுக்கான 1930 ஆகிய எண்கள் பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கட்டும். தலைமையாசிரியர் அறைக்குள் மட்டும் இருந்து பயனில்லை.

நிறைவாக

படப்பெட்டி போய்விட்டது. அதை நினைத்து நான் ஏங்கவில்லை. மழை பெய்த படத்தை மணலில் உட்கார்ந்து பார்த்தவள் நான், இன்றைய தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பொழுதுபோக்கும் செய்தியும் இன்று ஒரே கருவியில், ஒரே விரல் அசைவில் வருகின்றன. அதே விரல் அசைவில் நம்மிடமிருந்து வெளியேயும் போகின்றன. பார்ப்பவர், விநியோகஸ்தர், ஆபரேட்டர் மூவரும் இப்போது நாமேதான்.

என் பெற்றோர் குழுவில் இப்போது ஒரு பழக்கம் இருக்கிறது. சந்தேகமான செய்தி வந்தால் யாராவது ஒருவர், "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால், "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை அனுப்ப வேண்டாம்" என்று எழுதுவேன். 2018இல் நான் எழுதாமல் விட்ட வரி அது. அன்று அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.